காலை எடுத்த பின்னும் குறையாத வேகம்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாயிற்று. ஆயினும் என்ஜின் இரைகிறது. சூடேறிய பெட்ரோல் என்ஜின் சும்மா நிற்கையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்றுகள் சுழன்றால் போதும். 1500 என்றால் எங்கோ கோளாறு. (குளிர்ந்த என்ஜின் முதல் சில நிமிடங்கள் வேகமாய்ச் சுழல்வது இயல்பே, அதற்காக மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை.)

இன்ஜெக்‌ஷன் கார்களில் உள்ளே நுழையும் காற்றுக்கு ஏற்பவே கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. ஆகவே, வேண்டாத காற்று எவ்வழியே வருகிறது என்பதே முதற் கேள்வி. கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்பவரிடம் இக்கேள்வியைச் சகோதரர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

கேபிள் உள்ள பழைய கார்களில், அது விறைப்பாக இழுபட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அடுத்து, வெடித்த ரப்பர் குழாய்கள். பெரும்பாலும் 'உஸ்' என்ற ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். ஐடில் வால்வில் படிந்த கரி அதனை மூடவிடாது. என்ஜின் ஆறிய பின் உரிய கிளீனரால் துடைத்தாலே பல வண்டிகள் அடங்கிவிடும். இவையெல்லாம் சரியெனில் வெப்பநிலை சென்சாரைச் சந்தேகிக்கலாம். என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக அது பொய்ச்சாட்சி சொன்னால் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடும்!

திராட்டில் ஓரத்துத் திருகை மட்டும் எவரையும் தொடவிடாதீர்கள்; அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் தாமதமே கூடாது. கியர் போட்டவுடன் அது முன்னே பாயும்; வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.