பனி எல்லோருக்கும் பொதுவா? போங்கய்யா!

பனிப்புயல் செய்தி வந்தாலே நம்ம மக்கள் ரெடியாக இரண்டு வசனம் வைத்திருப்பார்கள். ஒன்று, "ஆஹா, என்ன அழகு!" இரண்டு, "இயற்கைக்கு முன்னாடி ஏழை பணக்காரன் எல்லாம் ஒண்ணுதான் மச்சி." முதல் வசனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஃப்ரீசரைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்க்காத பி.காம். மாணவன் நான், எனக்கும் அது அழகாகத்தான் தெரிகிறது. இரண்டாவது வசனம்தான் சுத்தப் பொய். விழுகிற பனி பொது. அதை அள்ளுவது பொது இல்லை.

1979 ஜனவரி, சிகாகோ. ஏற்கெனவே தெருவில் கிடந்த பனியின் மேல் இரண்டே நாளில் சுமார் 20 அங்குலம் கொட்டியது. ரயில்கள் திணறின. அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களைச் சீக்கிரம் நகர மையத்தில் சேர்க்க, நடுவில் சில ஸ்டேஷன்களில் நிறுத்தாமலே விட்டார்கள். அந்த ஸ்டேஷன்களைச் சுற்றி இருந்தது யார்? கறுப்பின மக்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறார், அவர் வரிப்பணத்திலும் ஓடுகிற ரயில் அவர் மூக்குக்கு முன்னால் நிற்காமல் போகிறது. இதுவா இயற்கைச் சீற்றம்? அடுத்த மாதமே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். ஜேன் பைர்ன் அந்த ஊரின் முதல் பெண் மேயரானார்.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1969 பிப்ரவரியில் நியூயார்க். சென்ட்ரல் பார்க்கில் 15 அங்குலம். அந்த ஊருக்கு இது அப்படியொன்றும் மலை இல்லை. ஆனாலும் நகரத்தில் 42 பேர் செத்தார்கள், அதில் ஏறக்குறைய பாதி குவீன்ஸ் பகுதியில். மன்ஹாட்டன் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் குவீன்ஸ் தெருக்கள் நாள்கணக்கில் அப்படியே கிடந்தன. பார்வையிடப் போன மேயர் ஜான் லிண்ட்சேயின் காரே பனியில் மாட்டிக்கொண்டது, ஜனங்கள் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். ஐ.நா.வின் பெரிய அதிகாரி ரால்ஃப் பஞ்ச் அங்கேதான் குடியிருந்தார், அவரும் மேயருக்குப் புகார் அனுப்பினார். (நோபல் பரிசே வாங்கியிருந்தாலும் குவீன்ஸ் குவீன்ஸ்தான்!) பனி அள்ளும் வண்டிகளில் ஐந்தில் இரண்டு பங்கு அப்போது ரிப்பேரில் கிடந்தன.

இங்கே நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் நண்பர்கள் கையைத் தூக்குவார்கள். வருஷத்தில் நாலு நாள் விழுகிற பனிக்காகக் கோடிக்கணக்கில் வண்டி வாங்கிச் சும்மா நிறுத்தி வைப்பது நஷ்டம் இல்லையா? கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் நியூயார்க்கில் பனி அள்ளும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது குப்பை லாரி! முன்பக்கத்தில் தகடு மாட்டினால் பனி வண்டி, கழற்றினால் குப்பை லாரி. தினமும் ஓடுகிற வண்டி. அதனால் "மிச்சம்" பிடிக்கிறார்கள் என்றால் பராமரிப்பிலும் ஆள்களிலும்தான் கை வைக்கிறார்கள். அந்த மிச்சம் எங்கே போகிறது தெரியுமா? வேலைக்குப் போக முடியாதவரின் ஒரு நாள் கூலியில் பற்று விழுகிறது. வீட்டு வாசல் நடைபாதையை உரிமையாளரே சுத்தம் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம், குளிரில் மண்வெட்டியோடு மல்லுக்கட்டி மாரடைப்பில் போகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. செலவு குறையவே இல்லை சாமி, பேரேடுதான் மாறியிருக்கிறது.

2010 டிசம்பரில் அதே நியூயார்க்கில் 20 அங்குலம். பனி அவசர நிலையை அறிவிக்கவே இல்லை. விளைவு, நடுரோட்டில் கார், பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் சிக்கி நின்றன, அதைத் தாண்டிப் பனி வண்டியும் போக முடியவில்லை. மேயர் புளூம்பெர்க் என்ன சொன்னார்? நகரம் நின்றுவிடவில்லை, பிராட்வே நாடக அரங்குகள் நிரம்பித்தான் இருந்தன என்கிற ரீதியில் பேசினார். புரூக்ளினிலும் குவீன்ஸிலும் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தவர்களுக்கு ரொம்ப ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பஃபலோ கதையைப் படித்தபோதுதான். 2022 கிறிஸ்துமஸ் சமயம். தலைமுறைக்கு ஒருமுறை வருகிற புயல் என்று வானிலை மையம் நாள்கள் முன்பே சொல்லிவிட்டது. விமான நிலையத்தில் மட்டும் சுமார் 52 அங்குலம். பஃபலோவிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து 40 பேருக்கு மேல் பலி. இறந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், பஃபலோ நகர ஜனத்தொகையிலோ அவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் ஹீட்டர் நின்று போனவர்கள், காருக்குள்ளேயே விறைத்தவர்கள், மருத்துவ உதவி வந்து சேராதவர்கள். வண்டி ஓட்டத் தடை போட்டது டிசம்பர் 23, வெள்ளி காலை ஒன்பதரைக்கு. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் கூட இல்லை. அதற்குள் வேலைக்குக் கிளம்பியவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஏன் முந்தின நாளே போடவில்லை? இரவு ஷிப்ட் ஆள்கள் வீடு திரும்ப வேண்டாமா என்று கவுன்ட்டி நிர்வாகத் தலைவர் விளக்கம் கொடுத்தார். வியாழன் சாயங்காலமே தடை போட்டிருந்தால் அவர்கள் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்களே ஐயா? புயல் வரப்போகிறது என்று தெரியும், எந்த நேரம் என்றும் தெரியும். அன்றைக்கு ராத்திரி ஷிப்டை ரத்து செய்யலாம் என்பது மட்டும் ஒருத்தர் மண்டையிலும் தோன்றவில்லை.