கழற்றிய கைப்பிடியும் தட்டிய கதவுகளும்

லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு வரைபடம் போட்டார், அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தார், காலரா நின்றது; ஆக, ஒரு மேதை போதும், வீடு வீடாகக் கணக்கெடுப்பது வீண்வேலை என்கிறார்கள். இது அப்பட்டமான தவறு.

லண்டன் பிராட் தெருவில் கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பர் 8. அதற்குள் சாவு குறைந்துகொண்டிருந்தது. சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தார்கள். இதை எழுதிவைத்தவரே ஸ்னோதான். அச்சில் வந்த வரைபடமோ அதற்கும் பிந்தியது.

அவருடைய பெரிய வேலை தென் லண்டனில் நடந்தது. ஒரே தெருவில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளின் குழாய்கள். லாம்பெத் கம்பெனி 1852-இல் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறியிருந்தது. சதக்-வாக்ஸால் கம்பெனி நகரச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே தண்ணீர் எடுத்தது. தன் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதே பல குடித்தனக்காரர்களுக்குத் தெரியாது. ஸ்னோ குப்பியில் தண்ணீர் பிடித்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். சதக்-வாக்ஸால் எடுத்த, கடலோதம் எட்டும் ஆற்றுநீர் என்றால் உப்பு அதிகம், வெண்மையாகத் திரளும். சாவுப் பதிவேட்டில் முகவரி இல்லாதிருந்தால் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? பத்தாயிரம் வீட்டுக்கு சதக்-வாக்ஸால் பக்கம் 315 சாவு, லாம்பெத் பக்கம் 37.

பிராட் தெருப் பகுதியின் ஒயிட்ஹெட் பாதிரியாரை ஏன் மறக்கிறார்கள்? காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற ஸ்னோவின் கருத்தை நம்பாமல், அதைப் பொய்யென்று நிரூபிக்கவே தெருவில் இறங்கியவர் அவர். விசாரித்து விசாரித்து பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டுக் குழந்தையிடம் வந்து நின்றார். நோயுற்ற குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை, தாய் அந்த வீட்டின் கழிவுக்குழியில் கொட்டியிருந்தாள். குழிக்கும் அடிபம்பின் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை.