மருத்துவ மாணவர் கற்க வேண்டிய இன்னொரு பரிந்துரை

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்தி வருகிறது. இவ்வளவு அருகருகே இருந்தும், சுகாதாரக் கொள்கை என்பது முதுநிலையில் அதை விரும்பித் தேர்ந்தெடுப்பவர்க்கு மட்டுமே உரிய பாடம் என்ற எண்ணம் மருத்துவக் கல்வியில் இன்னும் மாறவில்லை. அந்த எண்ணம் தவறானது என்பதற்கு மார்ஃபின் மருந்தின் வரலாறே போதுமான சான்று.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபினிச் செடி பயிரிடப்படுகிறது. எனினும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மார்ஃபினை வாங்கி இருப்பில் வைக்க மருத்துவமனைகள் பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. தண்டனை குறித்த அச்சமும் சேர்ந்துகொள்ள, பல மருத்துவமனைகள் அம்மருந்தையே கைவிட்டன. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு எந்த அளவு மருந்து தேவை என்பதை அறிந்த மருத்துவர் இருந்தார், மருந்து இல்லை. குறை மருந்தியலில் இல்லை, சட்டத்தில் இருந்தது.

அதை மாற்றியதில் மருத்துவர்களின் பங்கு பெரிது. மயக்கவியல் மருத்துவரான எம்.ஆர். ராஜகோபால் 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். 2003இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாலியம் இந்தியாவைத் தொடங்கியவர். 2008இல் இந்தியாவில் முதன்முதலாகக் கேரள அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. நெடிய முயற்சிக்குப் பின், 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதிமுறை வந்தது.

1985க்கும் 2014க்கும் இடையே 29 ஆண்டுகள். அந்த இடைவெளியில் வலியோடு இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால், கொள்கைக் கல்வி ஓர் அலங்காரப் பாடமாகத் தோன்றாது.

மருத்துவரின் கடமை சிகிச்சையே, சட்டம் பேசுவது அரசியல் என்போர் உண்டு. பாடச்சுமை ஏற்கெனவே மிகுதி என்ற மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் புதிய தாள் ஒன்றும் தேவையில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம் நெறிமுறையையும் தொடர்பாடலையும் ஏற்கெனவே சேர்த்திருக்கிறது. அதற்குள்ளேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு நோயாளிக்குக் கிடைக்காத ஒரு மருந்தையோ சேவையையோ பின்தொடரட்டும்: தடை எந்த விதியில் உள்ளது, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு, மாற்றினால் யாருக்குத் தீங்கு நேரலாம் என்று. கடைசிக் கேள்வி இன்றியமையாதது. அளவின்றி எழுதப்பட்ட வலிநிவாரணிகளால் அமெரிக்கா பட்ட துயரம், தளர்த்தலுக்கும் எல்லை வேண்டும் என்பதை உணர்த்துகிறது. இறுதியில், உரிய அலுவலருக்கு ஒரு பக்க முறையீட்டை மாணவர் எழுதட்டும். அதற்கும் மதிப்பெண் இருக்கட்டும்.

மருந்துச் சீட்டில் மருத்துவர் எழுதுவதையும், அரசுக்கு வல்லுநர் முன்வைப்பதையும் தமிழ் ‘பரிந்துரை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பரிந்து உரைப்பதே பரிந்துரை. முதலாவதை மட்டும் கற்று வெளியேறும் மருத்துவர், தாம் எழுதிய மருந்து நோயாளியின் கைக்கு வந்துசேராதபோது என்ன செய்வார்?