போர் பண்ணியாச்சு, புகை மட்டும் போகலையே!

எங்கள் கீரப்பாளையத்தில் காலையில் கார் கிளம்பும் சத்தத்தை வைத்தே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவேன். இப்போது புகையை வைத்தும் சொல்லலாம் போலிருக்கிறது.

நாலு வீடு தள்ளி நண்பரின் அம்பாசடர். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆனதும் குபீரென்று நீலப் புகை விடும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இத்தனைக்கும் போன மாதம்தான் எஞ்சினை முழுசாகப் பிரித்து, போர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டார். கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்களாம் பட்டறையில்.

இந்தப் பதிலைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வண்டி பழசு என்பதால் புகை வரவில்லை. பழைய ரப்பரையே திரும்ப மாட்டியதால் வருகிறது.

விஷயம் எளிதுதான். ஹெட்டின் மேலே ராக்கர் ஆடும் இடத்தில் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அது வால்வு தண்டோடு வழிந்து உள்ளே போகாமல் தடுப்பதுதான் வால்வு சீல். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் ரப்பர் இறுகிப்போகும். நகத்தால் அழுத்தினால் வெடிக்கும். பிறகு ராத்திரியில் சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கும். அதுதான் காலைப் புகை. வெள்ளாற்றுப் பாலத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போதும் இன்டேக் பக்கம் ஆயிலை உறிஞ்சும். கீழே வந்து மறுபடி மிதித்தால் பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்துவார். ரிங் தேய்ந்த வண்டி அப்படியல்ல. இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைக்கும், கம்ப்ரஷனும் குறையும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் "போர் பண்ணணும்" என்பது, தலைவலிக்கு வயிற்றைக் கிழிக்கிற வைத்தியம்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் இது ஒரு சின்ன வளையம். தண்டின் உச்சியில், லாக்குக்குக் கீழே உட்காரும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்பிக்கு மேலே தெரியும் தண்டில் வளையத்தை இறக்கி, அப்புறம் லாக்கைப் போட வேண்டும். அவசரத்தில் வளையத்தை முதலில் மாட்டி மேலே தொப்பியை அமுக்கினால், ரப்பர் அங்கேயே வெட்டுப்படும். புது சீல் போட்டும் புகை நிற்காத வண்டிகளில் இந்தக் கூத்தும் உண்டு.

பட்டறைக்காரர் பக்கத்து நியாயமும் தெரியும். கைடு தேய்ந்து தண்டு ஆடினால் புது சீலும் நிலைக்காது என்பார்கள். உண்மை. அப்படியென்றால் கைடையும் ஆட்டிப் பார்த்து மாற்றுங்கள். ஹெட் மேஜை மேல் கிடக்கும்போது செய்யாமல் வேறு எப்போது செய்வது? "வண்டிக்காரர் பேரம் பேசுகிறார்" என்பார்கள். அதுவும் உண்மை. நானே ஒரு காலத்தில் என் பத்மினிக்கு, "அந்த ரப்பரெல்லாம் எதுக்குப்பா, பழசே இருக்கட்டும்" என்று சொல்லி மிச்சம் பிடித்தவன்தான். பிடித்த மிச்சத்தை ஆயிலாக ஊற்றித் தீர்த்தேன். பிளக்கில் கரி பிடித்து நடுரோட்டில் நின்றதும் உண்டு.

இப்போது நண்பர் வீட்டில், "காயலான் கடைக்குப் போட்டுத் தொலைங்க" என்கிறார்கள். அவர் அப்பா வாங்கிய வண்டி. மகளைப் பிரசவத்துக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி. அம்பாசடர் உற்பத்தி 2014லேயே நின்றுவிட்டது. விற்றால் இன்னொன்று ஷோரூமில் கிடைக்காது. எட்டு ரப்பர் வளையத்துக்காகவா அதை எடைக்குப் போடுவது?

அவரிடம் சொல்லிவிட்டேன்: அடி எஞ்சினைத் தொடவே விடாதீர்கள். ஹெட்டை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பழைய வளையம் எட்டையும் எண்ணிக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கொடுங்கள்.

உங்கள் வண்டிக்கும் அதே கணக்குதான். மாருதி 800 என்றால் ஆறு.