பல்லக்கில் போனவர் யார்?



சிவாஜி என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருபவர் நடிகர் திலகம்தான். அதில் தவறில்லை. அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக வேடம் கட்டிய பிறகுதான் கணேசனுக்கு அந்தப் பெயரே வந்து சேர்ந்தது. இன்று நாம் பார்க்கப் போவது அந்த மராட்டிய மன்னரை. அதுவும் அவர் வென்ற கதையை அல்ல. இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறிய கதையை.

1630இல் பிறந்த சிவாஜி, மீசை அரும்பும் வயதிலேயே தோரணா என்ற மலைக்கோட்டையைக் கைப்பற்றியவர். அது பீஜப்பூர் சுல்தானுக்கு உரியது. அவருடைய தந்தை ஷாஜி அந்த சுல்தானிடம்தான் பணியில் இருந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1656இல் ஜாவளி பிரதேசம் சிவாஜியின் கைக்கு வந்தது. 1659 நவம்பர் 10ஆம் நாள், பிரதாப்கட் அடிவாரத்தில் பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானைக் கொன்றார். புலிநகக் கதை உங்கள் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுவோம். அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், அதே மாதத்தில், கோலாப்பூருக்கு அருகே உள்ள பெரிய கோட்டையான பன்ஹாலாவையும் பிடித்துவிட்டார்.

அங்கேதான் வினை வந்தது. 1660இன் தொடக்கத்தில் சித்தி ஜௌஹர் என்ற தளபதியைப் பெரும்படையுடன் பீஜப்பூர் அனுப்பியது. அபிசீனிய வழிவந்தவர் அவர், பிடித்தால் விடாதவர். சிவாஜி கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். ராஜாப்பூரில் வியாபாரம் செய்த ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் சிலரும் பீரங்கியுடன் வந்து ஜௌஹருக்குத் துணை நின்றார்கள். வியாபாரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அடுத்த ஆண்டே ராஜாப்பூரைத் தாக்கி அதற்குக் கணக்குத் தீர்த்தார் சிவாஜி.

மாதங்கள் ஓடின. வெளியிலிருந்து முற்றுகையை உடைக்க வந்த நேதாஜி பால்கரும் தோற்றுத் திரும்பினார். மழை வந்தால் எதிரி கூடாரத்தைச் சுருட்டுவான் என்று நினைத்தார்கள். மழை வந்தது, ஜௌஹர் அசையவில்லை. அதே வேளையில் வடக்கிலிருந்து மொகலாயத் தளபதி ஷாயிஸ்தகான் புனாவுக்குள் நுழைந்துவிட்டார். ஒரே சமயத்தில் இரண்டு பகைவர்கள்!

சரணடையப் பேசலாம் என்று சிவாஜி தூது அனுப்பினார். முற்றுகையிட்டவர்களின் காவல் சற்றுத் தளர்ந்தது. ஜூலை மாதம், கொட்டும் மழையில் ஓர் இரவு, சுமார் அறுநூறு பேருடன் கோட்டையிலிருந்து இறங்கினார். போக வேண்டிய இடம் விசாலகட் கோட்டை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் காட்டு வழி. மழை நாளில் வழுக்கும் சரிவில் தோளில் பால் வாளியோடு இறங்கியவர்களுக்கு, பல்லக்கு சுமந்து ஓடுவது எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மராட்டிய நாட்டில் வழிவழியாகச் சொல்வது இது. பல்லக்குகள் இரண்டு. ஒன்றில் சிவாஜி. இன்னொன்றில் சிவா காஷித் என்ற முடிதிருத்தும் தொழிலாளி. முகச்சாயல் ஒத்திருந்ததால் சிவாஜியின் உடையை அணிந்துகொண்டு, வழக்கமான பாதையில் வேண்டுமென்றே போனார். பிடிபட்டார். ஜௌஹரின் முகாமில் 'சிவாஜி'யை உட்கார வைத்திருந்த நேரமெல்லாம் உண்மையான சிவாஜிக்குக் கிடைத்த நேரம். குட்டு வெளிப்பட்டதும் தலை போனது. போகும்போதே அவருக்கு அது தெரியும்.

விடிந்த பின் பீஜப்பூர்க் குதிரைப்படை துரத்தி வந்தது. வழியில் கோட் கிண்ட் என்ற குறுகிய மலைக்கணவாய். அங்கே பாஜி பிரபு தேஷ்பாண்டே நின்றுவிட்டார். ஒரு காலத்தில் சிவாஜியை எதிர்த்த பாந்தல் குடும்பத்திடம் அலுவல் பார்த்தவர் அவர். இப்போது அதே பாந்தல் படையின் மலைநாட்டுக் குடியானவர்களோடு, "நீங்கள் போங்கள், கோட்டையை அடைந்ததும் பீரங்கி முழங்குங்கள்" என்ற ஏற்பாட்டில் வழியை அடைத்து நின்றார். சிவாஜிக்கும் விசாலகட் சும்மா கிடைக்கவில்லை. பீஜப்பூர் பக்கம் சேர்ந்திருந்த மராட்டியத் தலைவர்கள் சிலர் அதைச் சூழ்ந்திருந்தார்கள். அவர்களோடு மோதித்தான் உள்ளே போனார். பீரங்கிச் சத்தம் கேட்ட பிறகே பாஜி பிரபு கண்ணை மூடினார் என்பது கதை. கணவாய்க்குப் பிறகு பாவன் கிண்ட், அதாவது புனிதக் கணவாய், என்று பெயர் வந்தது.

பன்ஹாலா என்னவாயிற்று என்கிறீர்களா? அதே ஆண்டில் பீஜப்பூரிடமே ஒப்படைக்கப்பட்டது. மீண்டும் அது சிவாஜியின் கைக்கு வர 1673 ஆயிற்று. இன்று அங்கே போனால் பாஜி பிரபுவுக்குச் சிலை இருக்கிறது; முடிதிருத்திய சிவா காஷிதுக்கும் இருக்கிறது. எனக்கு இரண்டாவது சிலைமேல்தான் ஆசை.

புனாவுக்குள் நுழைந்த ஷாயிஸ்தகான் இதற்குள், சிவாஜி சிறுவனாக ஓடி விளையாடிய லால் மகாலிலேயே குடியேறிவிட்டார். 1663இல் அந்த வீட்டின் சமையற்கட்டு வழியாக நள்ளிரவில் வந்த விருந்தாளி யார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.