முற்றத்துக்குப் பொடுதலை போதாதா?

வன்னியில் புதுவீடு குடிபுகுந்ததும் அடுத்த செலவு வளவில் விழுகிறது. ஒருவர் இன்டர்லாக் கல் பதிக்கிறார். இன்னொருவர் ‘மலேசியன் புல்’ வாங்கிப் பரப்புகிறார். கல் பகல் வெக்கையை இரவிலும் விடாமல் வைத்திருக்கும். புல்லுக்கோ ஆடி, ஆவணியில் கிணற்றையே இறைத்து ஊற்ற வேண்டும்.

உடையார்கட்டு போன்ற குளத்தடி ஊர்க்காரர் இந்தச் செலவில் இறங்குமுன் குளக்கரையை ஒருமுறை பார்த்துவிடலாம். குளக்கரை, வயல் வரம்பு, கடலோர உப்புத்தரை என்று ஈரமும் வெயிலும் உள்ள இடமெல்லாம் பொடுதலை படர்கிறது. தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச மட்டுமே நம்மவர் தேடும் பூண்டு அது. தரையோடு ஒட்டி ஓடும்; கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பூ நெருப்புக்குச்சி முனையளவுதான். ஆனாலும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதைத் தேடி வரும். அதனால், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால், விளையாடும் இடத்தில் நடாமல் விடுவது நல்லது.

இதே பூண்டில் நல்ல வகையைத் தெரிந்தெடுத்து, ‘குராபியா’ என்று பெயரிட்டது ஜப்பான். தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த கலிபோர்னியாவில் அதைப் புல்தரைக்குப் பதிலாகக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். நாம் மண்வெட்டியால் செருக்கி எறிகிறோம்!

பற்றை வளர்ந்தால் பாம்பு வரும் என்று பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பொடுதலை கணுக்காலுக்கு மேல் எழும்புவது அரிது என்றாலும், கூட்டித் துப்புரவாக்கும் வாசல் அப்படியே இருக்கட்டும். கிணற்றடி, வாழையடி, வேலியோரம், சோளகக் காற்றில் புழுதி கிளம்பும் வெறுந்தரை: இவையே அதற்கு ஏற்ற இடங்கள். கத்தரிப் பாத்திக்கு அருகில் மட்டும் வேண்டாம். விட்டால் உள்ளே புகுந்துவிடும். இடையில் ஒரு வரிசை செங்கல்லைப் புதைத்து, தாண்டி வரும் கொடியை அவ்வப்போது நறுக்க வேண்டும்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் வீடுள்ளவர்களுக்கு அடம்பன் இருக்கிறது. உப்புக்காற்றுக்கும் சுடுமணலுக்கும் அது அசையாது. ஆனால் அதன் கொடி பல யார் தூரம் ஓடும். பெரிய வளவுக்குத்தான் சரி, நாலு பரப்புக் காணிக்கு அது அடங்காது.

பொடுதலைக்கு விதை தேட வேண்டியதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும், குளக்கரையை மொட்டையாக்காமல் அங்கொன்று இங்கொன்றாகக் கணுவோடு சில தண்டுகளைக் கிள்ளி வந்து, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். வேர்பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றும் வேலையை மாரியே பார்த்துக்கொள்ளும்.