கருப்பட்டி என்றால் கல்லீரல் ஏமாந்துவிடுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வெறுங்கையோடு ராஜபாளையம் திரும்பினால் வீட்டில் மரியாதை இருக்காது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா அது; ருசியைப் பற்றி இங்கே வழக்கு இல்லை. வழக்கெல்லாம் "இது கருப்பட்டிப் பால்கோவாங்க, சுகர்காரங்களும் தாராளமா சாப்பிடலாம்" என்ற பேச்சின் மேல்தான்.

கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையும் சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், சரி. ஆனால் குடலுக்குப் போனதும் இரண்டுமே குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரிந்துவிடும். அதற்குமேல் பனையா கரும்பா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. போதாததற்கு, பாலைச் சுண்டக் காய்ச்சுவதால் அதிலுள்ள லாக்டோஸும் அடர்ந்து நிற்கிறது.

உடம்பின் கணக்கு ரொம்பக் கறாரானது. வெறும் வயிற்றில் ஓர் ஆளின் மொத்த ரத்தத்திலும் ஓடுவது சுமார் 5 கிராம் குளுக்கோஸ். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்! கூடினால் கணையம் இன்சுலினை அனுப்பும். தசையும் கல்லீரலும் அதை கிளைக்கோஜனாகக் கட்டி வைக்கும். கல்லீரலில் இடம் சுமார் 100 கிராம்தான். மிஞ்சுவதில் ஒரு பங்கு கொழுப்பாகும். அப்போது உண்டாகும் மலோனைல் கோ-ஏ என்ற பொருள், கொழுப்பு எரிகிற மைட்டோகாண்ட்ரியாவின் வாசலை அடைத்துவிடும். ஒரு பக்கம் சேமித்துக்கொண்டே மறுபக்கம் எரிக்கிற வீண்வேலை வேண்டாம் என்றுதான். பட்டினி கிடந்தால் குளுக்ககான் வந்து வாசலைத் திறந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

டைப் 2 நீரிழிவில் உடைவது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும். இன்சுலின் பேச்சு எடுபடாமல் கல்லீரல் மேலும் சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்கும்.

ராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்ட் முழுக்க நடந்து, அறுந்த இழையை ஒட்டும் தொழிலாளியின் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு. அவர்களில் ஒருவர் 'கருப்பட்டிதானே' என்று கால் கிலோவை முடித்துவிட்டு, ராத்திரி மாத்திரையையும் தள்ளிப்போட்டால், போவது விற்றவரின் கண்ணோ சிறுநீரகமோ அல்ல. படித்தவர்களே 'எல்லாம் இயற்கை' என்று ஒத்து ஊதுவதுதான் எரிச்சல்.

டப்பாவின் மேல் கோயில் கோபுரத்தை அச்சடிக்க இடம் இருக்கிறது. 100 கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் எழுத மட்டும் இடம் இல்லையா?